‘சந்தேகம் இல்லை’ என்று எழுதுவதற்கு முன்

திருகோணமலை மாவட்டத்தில் கடமையாற்றும் திடீர் மரண விசாரணை அதிகாரிகளுக்கும், அவர்களை நியமிக்கும் நீதி அமைச்சுக்கும்,

வணக்கம்.

நான் திருகோணமலை நகரில் ஒரு மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். பந்தல், கதிரை, பெட்டி, வாகனம் ஒழுங்கு செய்வது எங்கள் வேலை. நோயில் படுத்து, வைத்தியர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கண்மூடினால் அந்த வேலை அவ்வளவோடு முடிந்துவிடும். கடலில், வீதியில், கிணற்றடியில், வேலைத்தளத்தில் போன உயிர் என்றால் முடியாது. பிரேத அறை வாசலில் குடும்பத்தோடு நின்று, பொலிஸ் கேட்பதற்கும் நீங்கள் கேட்பதற்கும் அவர்கள் பதில் சொல்ல உதவ வேண்டியிருக்கும். அப்படி நின்றதால் எழுதும் மடல் இது.

கேட்பது ஒன்றுதான். மரண விசாரணையில் நீங்கள் பயன்படுத்தும் சொற்களுக்குச் சட்டம் தரும் பொருள் என்ன, சட்டம் பொருள் சொல்லாத இடத்தில் நீங்கள் எதைப் பொருளாகக் கொள்கிறீர்கள் என்பதைத் தமிழில் எழுதி, வாக்குமூலம் எடுப்பதற்கு முன்பே குடும்பத்தின் கையில் கொடுங்கள்.

‘மரணத்தில் சந்தேகம் உண்டா?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் இது கேட்கப்பட்டபோது பக்கத்தில் நின்றிருக்கிறேன். “என்ர பிள்ளையே போயிட்டான் ஐயா, இனி எனக்கு என்ன சந்தேகம்” என்றார் அவர். ‘மரணத்தில் எவ்வித சந்தேகமும் இல்லையெனத் தாயார் தெரிவித்தார்’ என்று தாளில் ஏறியது. கையொப்பம் வைத்தார். சில கிழமைகள் கழித்து, மகனுக்கு வேலையிடத்தில் அடிதடி ஒன்று நடந்திருந்தது என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். அதைச் சொல்லப் போன இடமெல்லாம் அந்த ஒற்றை வரிதான் குறுக்கே நின்றது. “நீங்களே சந்தேகம் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்களே, அம்மா.”

எங்கள் சனத்துக்குச் ‘சந்தேகம்’ என்றால் ஓர் ஆளைக் குறிப்பிட்டுப் பழி சொல்வது. “ஆரிலயும் சந்தேகமோ?” என்றுதான் அது காதில் விழுகிறது. பக்கத்து வீட்டுக்காரனையோ முதலாளியையோ அநியாயமாக மாட்டிவிடக் கூடாது என்ற நல்ல மனதினாலேயே பலர் ‘இல்லை’ என்கிறார்கள். உடல் இன்றைக்கே கிடைக்க வேண்டுமே என்ற அவசரத்தில் இன்னும் பலர். முஸ்லிம் குடும்பங்களில் ஜனாஸாவை நேரத்தோடு அடக்க வேண்டிய கடமையும் சேர்ந்து நெருக்குகிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கிற நண்பர்கள் இதையே சொல்வார்கள்.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 370 ஆம் பிரிவுதான் உங்கள் அதிகாரத்துக்கு அடிப்படை. ஒருவர் தற்கொலை செய்துகொண்டார், அல்லது விலங்கினாலோ இயந்திரத்தினாலோ விபத்தினாலோ கொல்லப்பட்டார், அல்லது திடீரென்றோ காரணம் தெரியாமலோ இறந்தார் என்ற தகவல் கிடைத்தவுடன் விசாரணை அதிகாரி உடல் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். காயம், முறிவு, கண்டல் எல்லாவற்றையும் பார்த்து விவரிக்க வேண்டும். அவை எப்படி ஏற்பட்டதாகத் தோன்றுகிறது என்று சொல்ல வேண்டும். வெளித்தோற்றத்தில் தெரியும் மரண காரணத்தை அறிக்கையாக எழுதி, கையொப்பமிட்டு, தாமதமின்றி நீதவானுக்கு அனுப்ப வேண்டும். உறவினர் சந்தேகமில்லை என்று சொன்னால் இந்தக் கடமை சுருங்கிவிடும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. பார்ப்பதும் ஆராய்வதும் உங்கள் பொறுப்பு. துக்கத்தில் நிற்கும் தாயின் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லின்மேல் அந்தப் பொறுப்பை ஏற்றிவைப்பது நியாயமாகாது.

ஆகவே முதல் விளக்கம் இப்படி இருக்கட்டும் என்று கேட்கிறேன்: ‘சந்தேகம் என்பது யாரையும் குற்றஞ்சாட்டுவது அல்ல. இவர் எப்படி இறந்தார் என்பதில் உங்களுக்கு விளங்காதது, கேள்விப்பட்டது, ஆராயப்பட வேண்டும் என்று நினைப்பது ஏதும் இருந்தால் சொல்லுங்கள். இப்போது ஒன்றும் தெரியாவிட்டால், தெரியாது என்றே எழுதப்படும். பின்னர் ஏதும் தெரியவந்தால் நீதவானுக்கு அறிவிக்கலாம்.’ ‘தெரியாது’ என்பதும் ‘இல்லை’ என்பதும் வேறு வேறு பதில்கள். இன்று இரண்டும் ஒரே வரியாக எழுதப்படுகின்றன.

அடுத்தது ‘திடீர்’. உங்கள் பதவியின் பெயரிலேயே இருக்கிற இந்தச் சொல்லுக்கு 370 ஆம் பிரிவு அளவு எதுவும் வைக்கவில்லை. நோய்க்குறி தோன்றி 24 மணித்தியாலத்துக்குள் வரும் மரணம் என்று வைத்தியர்களிடம் ஒரு கணக்கு உண்டு. கண்முன்னே நிகழும் இதய மரணங்களுக்கு அதையே 1 மணித்தியாலமாகக் குறைத்தும் சொல்கிறார்கள். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து வைத்தியசாலைக்குப் போகும் வழியில் இறந்தவரின் மரணம் திடீர் மரணமா? நீண்ட காலம் சலரோகத்துக்கு மருந்தெடுத்த முதியவர் காலையில் எழும்பவில்லை என்றால் அது திடீர் மரணமா? ஓர் இடத்தில் ஆம் என்கிறார்கள், இன்னோரிடத்தில் குடும்ப வைத்தியரின் கடிதத்தோடு விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் இருக்கலாம். அந்தக் காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால், உடலை வெட்ட வேண்டும் என்ற செய்தி குடும்பத்துக்குத் தண்டனைபோல வந்து சேருகிறது.

மரணத்தின் காரணம், மரணத்தின் முறை (இயற்கையா, விபத்தா, தற்கொலையா, கொலையா என்பது), மரணத்தின் சூழ்நிலை ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அறிக்கைகளில் ‘இதயம் செயலிழந்தமை’, ‘சுவாசம் நின்றமை’ என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இறந்த எவருக்கும் இதயம் நின்றிருக்கும். இவை இறக்கும் விதமே தவிரக் காரணம் ஆகாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் வைத்தியர்களுக்குச் சொல்கிறது. அந்த நிறுவனத்தின் மரணச் சான்றிதழ்ப் படிவம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகளை வைத்து, இது எதனால், அது எதனால் என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போகும். மூளைக்குள் இரத்தக்கசிவு. அது எதனால்? மண்டையோட்டு முறிவு. அது எதனால்? மோட்டார் சைக்கிள் லொறியில் மோதியதால். கடைசியில் வருவதைத்தான் அடிப்படைக் காரணம் என்பார்கள். நோயில் இறந்தவருக்கு அது அந்தத் தொடரைத் தொடக்கிவைத்த நோய். காயத்தால் இறந்தவருக்கோ, அந்தக் காயத்தை உண்டாக்கிய விபத்தின் அல்லது வன்முறையின் சூழ்நிலையே அடிப்படைக் காரணம் என்று அந்த வரைவிலக்கணம் தெளிவாகச் சொல்கிறது. இதயம் நின்றது என்று முதல் வரியோடு நிறுத்திவிட்டால் லொறி அறிக்கைக்குள் வருவதேயில்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது 2006 ஜனவரி 2 ஆம் திகதியைச் சொல்லாமல் போக முடியாது. கடற்கரையில் ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். அவர்களிடம் இருந்த கைக்குண்டு வெடித்தது என்றே படைத்தரப்பு முதலில் சொன்னது. உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். பிரேத அறையில் ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் பத்திரிகையில் வந்த பிறகு வெடிப்புக் கதை நிற்கவில்லை. அதே மாதம் 24 ஆம் திகதி இதே நகரில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட, விசேட அதிரடிப் படையினர் உள்ளிட்ட 13 பேரும் போதிய சாட்சியமில்லை என்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். அந்த வழக்கைப் பற்றி இங்கே வாதாட வரவில்லை. காயத்தைப் பார்த்து, அதை அதற்குரிய பெயரால் எழுதுவது என்ற 370 ஆம் பிரிவின் எளிய கட்டளைக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்று திருகோணமலையில் எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ‘வெளித்தோற்றத்தில் தெரியும் காரணம்’ என்பதற்கு, உடலைப் பார்த்தபின் விசாரணை அதிகாரிக்குத் தெரிவது என்றுதான் பொருள். உடலைப் பார்ப்பதற்கு முன்பே வேறொருவர் வந்து சொன்னதை அந்தச் சொல்லுக்குள் சேர்க்க முடியாது. அதை எழுத்தில் வையுங்கள்.

‘விபத்து’ என்ற சொல்லுக்கு வருகிறேன். எங்கள் குடும்பங்கள் மிக மோசமாகத் தவறி விளங்கிக்கொள்வது இதைத்தான். மரண விசாரணையில் ‘விபத்து’ என்று முடிந்துவிட்டால் இனி எவருக்கும் பொறுப்பில்லை, வழக்கு இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல. கொல்லும் எண்ணத்தோடு யாரும் செய்ததாகத் தெரியவில்லை என்பதுதான் அங்கே அந்தச் சொல் தரும் செய்தி. அசட்டையினாலோ கண்மூடித்தனத்தினாலோ மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவின்படி குற்றம். அதே மரணம் உங்கள் அறிக்கையில் விபத்தாகவும் நீதிமன்றத்தில் 298 ஆகவும் இருக்கலாம். வேலைத்தளத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தில் மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு: வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த விபத்து. காப்புறுதி நிறுவனத்தின் பத்திரத்தில் நான்காவதாக ஒன்று. ஒரே சொல்லை நான்கு மேசைகளில் நான்கு விதமாக வாசிக்கிறார்கள். எந்த மேசையில் எப்படி வாசிப்பார்கள் என்று விதவைக்குச் சொல்ல ஆளில்லை.

விலங்கினால் நேரும் மரணமும் இப்படித்தான். கந்தளாய்ப் பக்கத்திலும் மொறவெவவிலும் ஈச்சிலம்பற்றிலும் யானை என்பது அன்றாடப் பயம். யானை துரத்தி வர ஓடியவர் பாழுங்கிணற்றில் விழுந்து இறந்தால் அவர் விலங்கினால் கொல்லப்பட்டவரா, விபத்தில் இறந்தவரா? யானைத் தாக்குதலுக்கான நட்டஈடு அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது நீங்கள் எழுதும் அந்த ஒரு சொல்லில் தங்கியிருக்கலாம்.

2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன சிறுவர்கள் இறந்தார்கள். உடற்கூற்றுப் பரிசோதனையைக் கேட்டால் அது நீரில் மூழ்கியமை என்றே சொல்லும், அதில் பிழையில்லை. ஆனால் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் அந்தப் பிள்ளைகள் படகில் ஏற வேண்டியிருந்தது. அந்தப் படகு பாதுகாப்பானதா, எத்தனை பேரை ஏற்றியது, அதற்கு அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்விகள் எதுவும் ‘நீரில் மூழ்கியமை’ என்ற சொல்லுக்குள் இல்லை. அவை ‘சூழ்நிலை’ என்ற சொல்லுக்குள் இருக்கின்றன. அந்தச் சொல் எவ்வளவு தூரம் விரியும் என்று எவரேனும் வரையறுத்திருந்தால்தான் அவை கேட்கப்படும்.

இங்கிலாந்தில் இதற்காகவே நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். அங்கே மரண விசாரணை பதில் தேட வேண்டிய கேள்விகள் நான்கு: இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி. ‘எப்படி’ என்றால் ‘எந்த வழியால்’ என்று மட்டுமே பொருள் என 1994 இல் ஒரு தீர்ப்பு வந்தது. உயிரைப் பாதுகாக்கும் அரசின் கடமை சம்பந்தப்பட்ட மரணங்களில் ‘எந்தச் சூழ்நிலைகளில்’ என்பதும் அதற்குள் அடங்கும் என்று, அப்போது அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2004 இல் விரித்தது. 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது எழுத்தாகவே ஏறிவிட்டது. 1989 இல் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்கில் நெரிபட்டு இறந்தவர்களுக்கு 1991 இல் கிடைத்த முடிவு ‘தற்செயல் மரணம்’. குடும்பங்கள் விடவில்லை. 2012 இல் மேல் நீதிமன்றம் அந்த முடிவை நீக்கியது. 2016 இல் புதிய யூரிகள் சபை 96 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றது. ஒரு சொல்லை மாற்ற 25 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஆனால் எந்தச் சொல்லோடு போராடுகிறோம், அதன் சட்டப் பொருள் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு அதுவே கிடைப்பதில்லை.

தற்கொலை பற்றிக் கவனமாகவே எழுத வேண்டும். ஒருவர் தானே செய்த செயலால் இறந்தார் என்பது ஒன்று. இறக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்தார் என்பது வேறு. இரண்டும் சேர்ந்தால்தான் அது தற்கொலை. கோபத்தில், குடிபோதையில், வீட்டாரைப் பயமுறுத்த நினைத்துச் செய்தது கைமீறிப் போன மரணங்களும் உண்டு, தெரியாமல் நேர்ந்தவையும் உண்டு. எண்ணத்தை எந்த அளவுக்கு நிச்சயப்படுத்த வேண்டும் என்று 370 ஆம் பிரிவில் இல்லை. இங்கிலாந்தில் 2020 இல் உச்ச நீதிமன்றம் அந்த அளவைச் சொன்னது: நிகழ்ந்திருக்கவே கூடுதல் சாத்தியம் என்று கண்டால் போதும். அது சரியா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு, ஆனாலும் சொல்லிவிட்டார்கள். இங்கே அந்த அளவு விசாரிப்பவரின் மனதுக்குள் மட்டும் இருக்கிறது. ‘தவறான முடிவெடுத்து உயிரிழந்தார்’ என்று மறுநாள் செய்தி வந்துவிடும். தற்கொலை முயற்சி 1998 முதல் இந்த நாட்டில் குற்றமல்ல. அதையும் தாளில் எழுதுங்கள். உயிர் பிழைத்தவர்களின் வீடுகளில்கூட இன்னும் பொலிஸுக்குப் பயந்து மறைக்கிறார்கள்.

காவலில் நேரும் மரணத்துக்கு 371 ஆம் பிரிவு தனி வழி வைத்திருக்கிறது. பொலிஸ் காவலிலோ சிறையிலோ மனநோய் அல்லது தொழுநோய் வைத்தியசாலையிலோ ஒருவர் இறந்தால் நீதவானே உடலைப் பார்த்து விசாரிக்க வேண்டும். ஆனால் காவல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? பொலிஸ் துரத்தக் கடலில் குதித்தவர்? நிலையத்திலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டுவந்து, பிணையில் விட்டதாக எழுதியபின் கட்டிலில் இறந்தவர்? குடும்பத்தின் கண்ணுக்கு இரண்டும் காவல் மரணமே. சட்டத்தின் கண்ணுக்கு எது என்பதை அன்றைக்கு அங்கே நிற்கும் உத்தியோகத்தர் தீர்மானிக்க விடக்கூடாது. குறிப்பாக, அவர் அதே நிலையத்தைச் சேர்ந்தவராக இருக்கும்போது.

உடல் கிடைக்காத மரணம் இந்தக் கரையோரத்தின் பழைய துயரம். 370 ஆம் பிரிவு உடல் இருக்கும் இடத்துக்குப் போகச் சொல்கிறது. வள்ளம் மட்டும் கரையொதுங்கினால் எங்கே போவது? 1895 ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச்சட்டத்தின் பொது விதி, ஒருவர் இறந்ததாகக் கொள்வதற்கு, குறித்த காலம் அவரைப் பற்றித் தகவல் இல்லாதிருப்பதை அளவாக வைக்கிறது. போரில் காணாமற்போனோருக்கென 2016 இல் தனிச் சான்றிதழ் வந்தது, அதுவும் மீனவக் குடும்பத்துக்குப் பொருந்தாது. 2025 இல் சம்பூர்க் கரையோரத்தில் கண்ணிவெடி அகற்றும்போது வெளிவந்த மனித எலும்புகள் போன்றவையும் இருக்கின்றன. ‘உடல்’ என்ற சொல்லுக்குள் எதெல்லாம் அடங்கும் என்பதும் விளக்கப்பட வேண்டிய ஒன்று.

‘திறந்த தீர்ப்பு’ பற்றி ஒரு வார்த்தை. அது வந்தால் குடும்பங்கள் ஏதோ மறைக்கப்பட்டுவிட்டதாக நினைக்கின்றன. கிடைத்த சாட்சியம் எந்த முடிவுக்கும் போதாது, ஆகவே முடிவு கட்டவில்லை என்றுதான் அதற்குப் பொருள். ‘விபத்து’ என்று அவசரமாக மூடுவதைவிட எத்தனையோ தடவைகளில் அதுவே நேர்மையான பதில். அதை எழுதத் தயங்காதீர்கள், எழுதும்போது அதன் பொருளையும் சொல்லுங்கள்.

நீங்கள் அனைவரும் வக்கீல்களோ வைத்தியர்களோ அல்ல என்பதும், நள்ளிரவிலும் அழைத்தால் சொற்ப கொடுப்பனவுக்கு எழுந்து வருகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். சொற்களைச் சட்டம் வரையறுக்காமல் விட்டது உங்கள் பிழையல்ல. அதனால்தான் இந்த மடல் நீதி அமைச்சுக்கும் சேர்த்து எழுதப்படுகிறது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி, நீதிமன்ற மொழி. அப்படியிருந்தும் ஆங்கிலத்தில் வரும் உடற்கூற்று அறிக்கையை வாசித்துச் சொல்ல எங்கள் குடும்பங்கள் ஆள் தேடித் திரிகின்றன.

அமைச்சு செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. இரண்டு பக்கத் தாள் போதும். மேலே சொன்ன சொற்களும், ஒவ்வொன்றுக்கும் சட்டப் பொருளும், பிரிவு இலக்கமும், சட்டம் பொருள் சொல்லாதவிடத்து அமைச்சு ஏற்றுக்கொண்ட விளக்கமும் அதில் இருக்கட்டும். சட்ட வைத்திய அதிகாரி ஒருவரும் தமிழ் தெரிந்த நீதவான் ஒருவரும் பார்த்துத் திருத்தினால் நல்லது. ‘வாக்குமூலத்துக்கு முன் இத்தாள் வாசித்துக் காட்டப்பட்டது’ என்ற வரியை விசாரணைப் படிவத்திலேயே சேர்த்துவிடுங்கள். உறவினர் சொன்னதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதும்படி அறிவுறுத்துங்கள். அறிக்கையின் பிரதி எங்கே, எப்படிப் பெறலாம் என்பதைக் கடைசி வரியில் போடுங்கள்.

அமைச்சின் தாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று மாவட்டத்தின் விசாரணை அதிகாரிகளிடம் தனியாகக் கேட்கிறேன். ‘சந்தேகம்’, ‘விபத்து’ என்ற இரண்டு சொற்களையாவது அடுத்த விசாரணையிலிருந்தே விளக்கிச் சொல்லுங்கள். தமிழில் எழுதவும் அச்சடிக்கவும் கைகொடுக்க எங்கள் சங்கம் ஆயத்தம். மற்ற ஊர்ச் சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் பங்குக் கோவில்களும் மறுக்காது என்றே நம்புகிறேன்.

இப்படிக்கு,
மரண உதவிச் சங்கமொன்றின் செயலாளர்,
திருகோணமலை.